காட்லி ப்ளே: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

ஞாயிறு பள்ளியில் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் ‘காட்லி ப்ளே’ என்ற பெயரைச் சொல்லிவிடுகிறார். வேதக் கதையைச் சிறு பொருள்களை நகர்த்திச் சொல்லி, பிறகு பிள்ளைகளோடு சேர்ந்து யோசிக்கும் முறை அது. தங்க நிறப் பெட்டிகள், மரப்பொம்மைகள், மணல் தொட்டி, தரையில் வட்டமாகப் பிள்ளைகள் என்று படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். விலைப்பட்டியலைப் பார்த்ததும் குழுவில் பாதிப் பேர் பின்வாங்குவார்கள். மீதிப் பேர் மொத்த அறைக்கும் சேர்த்து ஆர்டர் போட்டுவிடலாம் என்பார்கள். இரண்டுமே அவசரம். இரண்டு பெட்டி, ஒரு மணல் தொட்டி, கதை சொல்ல ஒருவர், வாசலில் ஒருவர் என்று தொடங்கினால் போதும். கையில் பணம் மிஞ்சினால் அதைக் கதை சொல்பவரின் பயிற்சிக்குக் கொடுங்கள். இந்த முறை படுத்துவிடுவது பெரும்பாலும் கதை முடிந்தபின் வரும் பத்து நிமிடத்தில்தான். அந்தப் பத்து நிமிடத்தைக் கடையில் வாங்க முடியாது.

முதலில் பின்னணி, சுருக்கமாக. இதை உருவாக்கியவர் ஜெரோம் பெரிமேன், அமெரிக்க எபிஸ்கோப்பல் சபைக் குரு. 1971-72இல் இத்தாலியின் பெர்கமோ நகரில் மாண்டிசோரி பயிற்சி பெற்றவர். ரோமில் வாழ்ந்த எபிரேய மொழி அறிஞர் சோஃபியா கவல்லெட்டியிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டார். கவல்லெட்டி 1954இல் ஜியன்னா கோபி என்ற மாண்டிசோரி ஆசிரியையோடு சேர்ந்து, பிள்ளைகள் கையால் தொட்டு வேதத்தை அறியும் ஒரு முறையைத் தொடங்கியிருந்தார். ‘நல்ல மேய்ப்பன் மறைக்கல்வி’ என்று இன்றும் பல நாடுகளில் நடப்பது அதுதான். அலமாரி பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் இருப்பது, ஒவ்வொரு பொருளுக்கும் நிலையான இடம் இருப்பது, பெரியவர் குரலைத் தாழ்த்திப் பேசுவது எல்லாம் அந்த வழியாக வந்தவை. பெரிமேன் வட்டமாக உட்கார்ந்து சேர்ந்து யோசிப்பதற்கு அதிக இடம் கொடுத்தார்.

கதைகளுக்கு மூன்று வகையான பொருள்கள் உண்டு. படைப்பு, ஆபிரகாமின் குடும்பம், செங்கடலைக் கடப்பது போன்றவை தட்டுகளிலும் கூடைகளிலும் இருக்கும். படைப்புக்கு அட்டைகள், மற்றவற்றில் உருவங்கள் முப்பரிமாண மரப்பொம்மைகள். உவமைகள் தங்க நிறப் பெட்டிக்குள் இருக்கும். உள்ளே எல்லாமே தட்டையானவை. ஞானஸ்நானம், திருவிருந்து, திருச்சபை ஆண்டு போன்ற வழிபாடு சார்ந்தவை மூன்றாவது வகை. இந்த வேறுபாடு வெறும் அலங்காரம் அல்ல. நாலைந்து மாதம் போனதும் பிள்ளை அலமாரியைப் பார்த்தே ‘இது நடந்த கதை, இது உவமை’ என்று பிரித்துக்கொள்ளும். அதனால் செலவைக் குறைக்க எல்லாவற்றையும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைக்கும் யோசனையைக் கைவிடுங்கள்.

ஒரு வகுப்புக்கு 45 நிமிடம் வேண்டும். ஒரு மணி நேரம் கிடைத்தால் நிம்மதி. வாசலில் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வரவேற்று வட்டத்தில் உட்கார வைக்க ஐந்து நிமிடம், கதைக்குப் பத்து முதல் பதினைந்து, சேர்ந்து யோசிக்கப் பத்து, பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்த வேலையைச் செய்யப் பதினைந்து, பிறகு சிறிய விருந்து, ஜெபம், ஆசீர்வாதம். உங்கள் சபையில் அரை மணி நேரம்தான் தருவார்கள் என்றால் விருந்தை விட்டுவிடாமல் வேலை நேரத்தைச் சுருக்குங்கள். ஒரு வாரம் கதை, மறுவாரம் வேலை என்று பிரித்துச் செய்பவர்களும் உண்டு. ஆனால் வாரம் தவறாமல் வராத பிள்ளைகளுக்கு அது பாதிக் கதையாகிவிடும்.

பெட்டிகளில் முதலில் வாங்க வேண்டியது நல்ல மேய்ப்பன். மூடியைத் திறப்பதற்கு முன்பே கதை தொடங்கிவிடுகிறது. கதை சொல்பவர் பெட்டியை வட்டத்தின் நடுவில் வைத்துவிட்டு, இது தங்க நிறம், உவமையும் தங்கம் மாதிரி விலையேறப்பெற்றது, இதற்கு மூடி இருக்கிறது, சில நாள் உவமையும் மூடியே கிடக்கும் என்று மெதுவாகச் சொல்வார். பிறகு பச்சை நிறக் கம்பளித் துணி வெளியே வரும். அதை விரித்துத் தட்டி, ‘இது என்னவாக இருக்குமோ?’ என்று தானே யோசிப்பது போலக் கேட்பார். பழுப்பு நிறப் பட்டைகள் ஒவ்வொன்றாக அடுக்கப்பட்டு ஆட்டுக்கிடை ஆகும். நீலத் துண்டு தண்ணீர். கறுப்புத் துண்டுகள் ஆபத்தான இடங்கள். ஆடுகள் ஐந்து. சங்கீதம் 23, யோவான் 10, லூக்கா 15 ஆகிய மூன்றும் இந்த ஒரே துணியின் மேல் கலந்து நடக்கின்றன. மேய்ப்பன் முன்னே போக ஆடுகள் பின்னே ஒவ்வொன்றாக நகரும், ஒரு ஆடு குறையும், மேய்ப்பன் கறுப்புத் துண்டுகளுக்குள்ளேயே தேடிப் போய் அதைத் தோளில் தூக்கி வருவான். ஓநாய் வரும்போது வேறொருவன் ஓடிப்போவான், நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்கும் ஓநாய்க்கும் நடுவே நிற்பான். பேச்சு மிகக் குறைவு. ஐந்து ஆட்டையும் விரலால் ஒவ்வொன்றாக நகர்த்துவதற்கு உண்மையிலேயே நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை மிச்சப்படுத்த மூன்றைச் சேர்த்துப் பிடித்துத் தள்ளினால் அந்தக் கணமே பிள்ளைகளின் கண் ஜன்னலுக்குப் போய்விடும்.

பொருளின் தரத்துக்கு வருவோம். துணி மெல்லியதாக, ஒரு மில்லிமீட்டர் கனத்தில் கிடைக்கும் செயற்கை ஃபெல்ட்டாக (நெய்யாமல் அழுத்திச் செய்த துணி) இருந்தால் ஆட்டை நகர்த்தும்போது துணியும் கூடவே சுருண்டு வரும். மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள கம்பளி ஃபெல்ட் தரையில் அப்படியே படிந்து கிடக்கும். மடித்து வைத்தால் மடிப்புக் கோடு விழுந்து தட்டை உருவங்கள் அதன் மேல் ஏறி நிற்கும். அட்டைக் குழாயில் சுருட்டி வையுங்கள். பெட்டிக்குள் அடங்க மடித்தே ஆக வேண்டும் என்றால் வாரா வாரம் மடிப்பை மாற்றுங்கள். பெட்டியை நீங்களே செய்தால் மூடிக்கும் உடலுக்கும் நடுவே நான்கு பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பெயின்ட் அடித்தபின் அந்த இடைவெளி இன்னும் குறையும். இறுக்கமான மூடியை இழுக்கும்போது பெட்டி முழுவதும் கூடவே எழும்பி, அடுத்த நொடி உள்ளே இருப்பதெல்லாம் கொட்டும். அந்தக் காட்சி பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். கதையை அதோடு மூட்டை கட்டிவிடலாம்.

மணல் தொட்டியில்தான் கணக்குத் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். 60 சென்டிமீட்டர் சதுரத் தொட்டியில் நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்கு மணல் நிரப்ப 14 லிட்டருக்கு மேல் வேண்டும். காய்ந்த மணல் லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. அப்படியானால் மணல் மட்டும் இருபது கிலோவைத் தாண்டும். அடியில் 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டும், பூட்டும் வசதியுள்ள சக்கரங்களும் இல்லாமல் அதை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நகர்த்தினால் முதுகு போகும். பொது மண்டபத்தில் வகுப்பு நடத்துபவர்கள் 50-க்கு 40 சென்டிமீட்டர் தொட்டியும் மூன்று சென்டிமீட்டர் மணலும் வைத்துக்கொள்ளலாம். மணலின் எடை பத்துக் கிலோவுக்குள் அடங்கும், எட்டுப் பிள்ளைகள் பார்க்கப் போதும். விளையாட்டுத் திடலுக்கென்று கழுவி விற்கும் மணலே நல்லது. மாவு போன்ற நுண்மணலில் புழுதி எழும். குனிந்து பார்க்கும் பிள்ளைகளின் மூக்குக்குள் அது போகக் கூடாது. கடல் மணலை அள்ளி வந்தால் அதிலிருக்கும் உப்பு ஈரத்தை இழுத்துக் கட்டி கட்டியாக்கும். நாலைந்து முறை நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காய வைத்தால்தான் பயன்படும். மூடி இல்லாத தொட்டி வேண்டவே வேண்டாம். பூனை உள்ள வளாகங்களில் இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

ஆபிரகாம், சாராள் கதையில் அந்த மணலின் மேல் நீல நூலை நெளித்து வைத்து ஆறுகள் காட்டப்படும், மரக்கட்டைகள் ஊர் என்ற நகரமும் ஆரானும் ஆகும். சீகேமிலும் பெத்தேலிலும் பலிபீடத்துக்கு அங்கங்கே சிறு கல் வைக்கப்படும். நூல் கம்பளியாக இருந்தால் மணல் ஒட்டிக்கொண்டு எடுக்கும்போது வட்டம் முழுவதும் உதிரும். தடித்த பருத்திக் கயிறு மேல். பொம்மைகள் ஏழெட்டு சென்டிமீட்டர் உயரத்தில், அடி தட்டையாக, மேலே குறுகலாக இருந்தால் மணலில் லேசாக அழுத்தினாலே நிற்கும். கண், மூக்கு வரைந்த பொம்மைகளை வாங்காதீர்கள். முகம் இல்லாத வெறும் மரப்பொம்மைக்குப் பிள்ளை தனக்கு வேண்டிய முகத்தைக் கொடுத்துக்கொள்ளும். சிரித்த முகம் வரைந்துவிட்டால் சாராள் அழ வேண்டிய இடத்திலும் சிரித்துக்கொண்டே நிற்பாள்.

கதையைப் படித்துச் சொல்லக் கூடாது. இதில் சமாதானத்துக்கே இடமில்லை. தாளைப் பார்த்தால் கை நிற்கும், கை நின்றால் கதை நிற்கும். மனப்பாடம் வராது என்று பயப்படுபவர்கள் சொல்லிலிருந்து தொடங்குவதால்தான் திணறுகிறார்கள். முதலில் வாய் திறக்காமல் பொருள்களை மட்டும் வரிசையாக எடுத்து வைத்து, நகர்த்தி, திரும்பப் பெட்டிக்குள் அடுக்கிப் பழகுங்கள். அந்த வரிசை கைக்கு வந்தபின் ஒவ்வோர் அசைவுக்கும் உரிய வாக்கியத்தைச் சேர்த்தால் ஒன்று மற்றொன்றை இழுத்து வரும். உள்ளே அடுக்கும்போது கதையின் தலைகீழ் வரிசையில் அடுக்க வேண்டும். முதலில் வேண்டியது மேலே இருக்க வேண்டும். இதை மறந்தவர்கள் கடுகு விதைக் கதையில் மரத்துக்கு முன்பே பறவைகளை வெளியே எடுத்துவிட்டு விழிப்பார்கள்.

கண் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கதை நடக்கும்போது சொல்பவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதில்லை, பொருளைத்தான் பார்க்கிறார். மேடைப் பேச்சிலும் நாடகத்திலும் பழகியவர்களுக்கு இது மிகவும் கஷ்டம். அவர் நிமிர்ந்து பார்த்த நொடியில் பிள்ளைகளும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள், அதோடு அவர் நடிகர், அவர்கள் ரசிகர்கள். கடுகு விதை உவமையில் இந்த ஒழுங்கின் பலன் தெளிவாகத் தெரியும். விதையென்று எந்தப் பொருளும் பெட்டியில் கிடையாது. விரல் நுனியில் இருக்கிறது, அவ்வளவு சிறியது, கண்ணுக்கே தெரியாது என்று சொல்லிவிட்டு அவர் தன் விரலையே உற்றுப் பார்க்கும்போது வட்டமே அந்த விரலை நோக்கி முன்னே சாயும். பிறகு சுருட்டி வைத்திருந்த பச்சை மரம் மெதுவாக விரிய விரியத் துணியை நிறைக்கும்.

கதை முடிந்ததும் வருவதுதான் இந்த முறையின் உயிர். நடந்த கதைகளுக்கு நான்கு கேள்விகள். இதில் எந்த இடம் உங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்குமோ? எது மிக முக்கியமான இடமாக இருக்குமோ? இந்தக் கதையில் நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ, எந்த இடம் உங்களைப் பற்றியதோ? எதையாவது விட்டுவிட்டாலும் நமக்கு வேண்டிய கதை முழுசாக இருக்குமோ? உவமைக்குக் கேள்விகள் வேறு மாதிரி. இந்த ஆடுகளுக்குப் பேர் இருக்குமோ? கிடைக்குள் இவை சந்தோஷமாக இருக்குமோ? ஆபத்தான இடத்தை நீங்கள் எப்போதாவது கடந்து வந்திருப்பீர்களோ? இந்த இடமெல்லாம் உண்மையில் எங்கே இருக்குமோ? கேட்கும் தொனி ‘இருக்குமோ’ என்று இழுத்து முடிய வேண்டும். ‘சொல்லு பார்ப்போம்’ என்று முடிந்தால் அது பரீட்சை. பிள்ளைகள் அதை உடனே மோப்பம் பிடித்து, ஞாயிறு பள்ளியில் எந்தக் கேள்விக்கும் செல்லும் பதிலாகிய ‘இயேசப்பா’வை எடுத்து நீட்டிவிடுவார்கள்.

முதல் இரண்டு மூன்று வாரம் அந்தப் பதில்தான் வரும், பதற வேண்டாம். கேள்வி கேட்டபின் மனசுக்குள் மெதுவாகப் பத்து எண்ணுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மூன்றிலேயே உடைந்து தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். ஒரு பிள்ளை சொன்னதும் ‘ரொம்ப கரெக்ட், சூப்பர்!’ என்று பாராட்டுவது. முதல் பதிலுக்கு ‘சூப்பர்’ கிடைத்ததும் அடுத்த நான்கு பிள்ளைகள் அதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள், ஐந்தாவது பிள்ளை வாயே திறக்காது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே மெல்லத் திருப்பிச் சொல்லிவிட்டு, அது சொன்ன பொருளின் மேல் விரலை வைத்து, காத்திருங்கள். திருத்தாதீர்கள், விரித்து விளக்காதீர்கள். ‘எனக்கு ஓநாயைத்தான் பிடிச்சிருக்கு’ என்று ஒரு பிள்ளை சொன்னால் ‘ஓநாய்... ம்’ என்று சொல்லி ஓநாயின் மேல் விரலை வையுங்கள், அது போதும். அடுத்த வாக்கியம் பெரும்பாலும் அந்தப் பிள்ளையிடமிருந்தே வரும்.

நான்காவது கேள்விக்குப் பெற்றோரிடமிருந்து புகார் வருவது சகஜம். வேதத்தில் ஒன்றை எடுத்துப்போடச் சொல்லிக் கொடுக்கிறீர்களா என்று வெளிப்படுத்தின விசேஷம் 22:19-ஐக் காட்டுவார்கள். அவர்களை வாசலில் நிறுத்தி விளக்காமல் ஒரு நாள் உள்ளே உட்கார வையுங்கள். ‘ஆறு பகலில் ஒன்றை விட்டுவிடலாமோ?’ என்று கேட்டுப் படைப்பின் அட்டை ஒன்றை உண்மையிலேயே எடுத்துவிடும்போது என்ன நடக்கிறது என்று அவர்களே பார்க்கட்டும். சூரியன், சந்திரன் அட்டையை எடுத்தால் ‘அப்புறம் செடி எப்படி வளரும்?’ என்று ஒன்று கேட்கும், தண்ணீரை எடுத்தால் மீன் எங்கே போகும் என்று இன்னொன்று சண்டைக்கு வரும். எதையும் விட முடியாது என்ற முடிவுக்குப் பிள்ளைகள் தாங்களாகவே வாதாடி வந்து சேர்வார்கள். சில நாள் வராமலும் போவார்கள். எகிப்தியரின் குதிரைகள் கடலில் மூழ்கும் இடத்தை விட்டுவிடலாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் அங்கேயும் அதே விதிதான்: சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது. பெரியவர்களுக்கே கடினமான அந்த இடத்தை ஏழு வயதுப் பிள்ளைக்கு முப்பது வினாடியில் சரிக்கட்டிவிடும் பதில் எதுவும் கையில் இல்லை, இருப்பதுபோல் பாவனை செய்யவும் வேண்டாம்.

அடுத்த பதினைந்து நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென்று ஒரு சிறு பாய் விரித்து, வரைவதோ, களிமண் பிசைவதோ, அலமாரியிலிருந்து ஒரு கதைப் பெட்டியை எடுத்துத் தானே நகர்த்திப் பார்ப்பதோ செய்யலாம். இங்கே அச்சடித்த வண்ணம் தீட்டும் தாளைக் கொடுத்தால் மொத்த முயற்சியும் வீண். நீர்வண்ணம் வைத்தால் 200 ஜிஎஸ்எம் கனமுள்ள தாளாவது வேண்டும், இல்லாவிட்டால் தாள் நெளிந்து கிழிந்து பிள்ளைக்கு ஆத்திரம் வரும். களிமண்ணை ஈரத்துணி சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வரைந்தது என்ன என்று கேட்காதீர்கள். அது இன்றைய கதையாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. விருந்துக்கு ஒரு வாய் தின்பண்டமும் தண்ணீரும் போதும், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பட்டியல் வாசல்காரரிடம் இருக்கட்டும்.

வாசல்காரர் என்ற பொறுப்பை யாரும் மதிப்பதில்லை, அதனால்தான் பல வகுப்புகள் கெடுகின்றன. அவர் வட்டத்தில் சேர மாட்டார், அறையில் நடமாட மாட்டார். கதவருகே தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தாமதமாக வரும் பிள்ளையை நிறுத்தி, மூச்சு வாங்க விட்டு, கதையில் இடைவெளி வரும்போது உள்ளே அனுப்புவார். தூரத்திலிருந்து ‘ஸ்ஸ்! சும்மா இரு!’ என்று மிரட்டும் போலீஸ்காரர் அல்ல அவர். ஒரு பிள்ளை தொந்தரவு செய்தால் கதை சொல்பவரே நிறுத்தி, ‘மறுபடியும் தயாராவோம்’ என்று தானும் கைகளை மடியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். அதுவும் போதாவிட்டால் அந்தப் பிள்ளை வாசல்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து அங்கிருந்தே கதையைப் பார்க்கலாம். தண்டனை போலத் தெரியாமல் இதைச் செய்யப் பொறுமைசாலி ஒருவர் வேண்டும். உங்கள் குழுவில் இருக்கும் நல்ல ஆளை இந்த வேலைக்குப் போடுங்கள்.

குறைகளும் உண்டு. வட்டம் பன்னிரண்டு, பதினைந்து பிள்ளைகளோடு நிற்க வேண்டும். இருபதைத் தாண்டினால் பின்னால் இருப்பவர்களுக்கு ஆடு தெரியாது. எழுந்து நிற்பார்கள், எல்லாம் போச்சு. பெரிய பொருள் செய்து சமாளிக்கலாம் என்பது வேலைக்காகாது, சிறியதாக இருப்பதால்தான் குனிந்து பார்க்கிறார்கள். இரண்டு வட்டமாகப் பிரியுங்கள். இரண்டாவது குறை, வேதத்தின் எல்லாப் பகுதிக்கும் இது பொருந்துவதில்லை. நடந்த கதைகளுக்கும் உவமைகளுக்கும் பிரமாதம், ரோமர் நிருபத்துக்கோ நீதிமொழிகளுக்கோ ஒன்றும் செய்ய முடியாது. மனப்பாட வசனத்தை எதிர்பார்க்கும் சபைகளில் பிள்ளை வீட்டுக்குப் போய் ஒரு வசனமும் சொல்லாது; அதற்கு வேறு நேரம் ஒதுக்குங்கள், இதற்குள் திணிக்காதீர்கள். திருச்சபை ஆண்டு வட்டத்தைக் காட்டும் தொகுப்பு அழகானது, ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களையும் அவற்றின் நிறங்களையும் பின்பற்றாத சபைக்கு அதில் பயன் இல்லை. அந்தச் செலவை மிச்சப்படுத்தலாம்.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் பெரிய கேள்வி. ‘இதெல்லாம் சின்னப் பசங்களுக்கு’ என்று அவர்கள் சொல்வது பாதி சரி. அவர்களை வட்டத்தில் உட்கார வைத்து ஆட்டுக்குப் பேர் கேட்டால் எழுந்து போய்விடுவார்கள். பொருளை அவர்கள் கையில் கொடுத்தால் நிலைமை மாறும். முதல் வேலையாக யோவான் 10:1-18-ஐ வாசிக்கச் சொல்லிவிட்டு நல்ல மேய்ப்பன் பெட்டியைத் திறந்து, வசனத்தில் இருந்து பெட்டியில் இல்லாதவற்றைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். திருடன் எங்கே என்பார்கள். வேறு தொழுவத்து ஆடுகள் எங்கே என்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவராவது 9ஆம் வசனத்துக்கு வந்து நிற்பார்: “நானே வாசல்.” பழுப்புப் பட்டைகளால் கிடை கட்டும்போது ஒரு பட்டையைத் திறந்து மூடி வாசலாக்குகிறோம், மேய்ப்பன் என்னவோ அட்டையில் தனியாக நிற்கிறான். அவனே வாசல் என்றால் இந்தத் துணியில் அவனை எங்கே வைப்பது? சிலர் பட்டையை எடுத்துவிட்டு அந்த இடைவெளியில் அவனைக் குறுக்கே படுக்க வைப்பார்கள். சிலர், அப்படியானால் ஆடு அவன்மேல் ஏறியா போகும் என்று கேட்பார்கள். ஒரு மணி நேரம் போவதே தெரியாது, அத்தனையும் வேத வசனத்தைப் புரட்டிக்கொண்டே நடக்கும் வாதம்.

அடுத்ததாக அவர்களையே பொருள் செய்ய வையுங்கள். உங்களிடம் எந்தக் கதைக்குப் பெட்டி இல்லையோ அதைக் கொடுங்கள், ரூத், யோனா, எம்மாவு ஊருக்குப் போகும் வழி என்று. நிபந்தனை இரண்டு: பத்துப் பொருளுக்கு மேல் கூடாது, பதினைந்து வாக்கியத்துக்கு மேல் கூடாது. எதைச் செய்வது, எதை விடுவது என்று தீர்மானிக்க அவர்கள் அந்த அதிகாரத்தை நாலைந்து முறை வாசிக்காமல் தப்ப முடியாது. எம்மாவு கதையில் அப்பத்தைப் பிட்டவுடன் இயேசு மறைவதை எப்படிக் காட்டுவது என்பதில் எல்லாக் குழுவும் முட்டி நிற்கும்; உருவத்தைக் கையால் மூடி எடுப்பதா, அங்கேயே விட்டுவிட்டு மற்ற இருவரையும் எழுப்புவதா? நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். செய்து முடித்ததைச் சின்ன வகுப்பில் அவர்களே கதையாகச் சொல்லட்டும். பயிற்சி இல்லாமல் அனுப்பிவிட்டால் வேகமாகச் சொல்லி, சிரித்து, பிள்ளைகளையும் சிரிக்க வைத்துவிட்டு வருவார்கள், ஆகவே இரண்டு முறையாவது உங்கள் முன் ஓட்டிப் பார்த்தபின் அனுப்புங்கள்.

கவல்லெட்டியின் மூல முறையை எடுத்துக்கொள்வது நல்லதா என்று கேட்பவர்களுக்கு: கத்தோலிக்க வழிபாட்டோடு இணைந்து, 3-6, 6-9, 9-12 என்று வயதுவாரியாக ஆழமாகப் போக விரும்பினால் அது மேல். ஆனால் முதல் நிலைப் பயிற்சியே ஏறத்தாழ 90 மணி நேரம், பொருள்களையும் ஆசிரியர்களே கையால் செய்வது வழக்கம். காட்லி ப்ளேவுக்கு மூன்று நாள் அடிப்படைப் பயிற்சியோடு தொடங்கிவிடலாம். காணொளிப் பாடங்களோடு ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை. வேதாகமப் புத்தகம் ஒன்றின் மொத்த அமைப்பைப் பதினைந்து வயதுக்காரருக்கு ஐந்து நிமிடத்தில் காட்ட நல்ல அனிமேஷனை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் திரையில் ஓடும் ஆட்டைக் கையில் எடுத்து வேறு இடத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

வாங்கும் வரிசை இது. நல்ல மேய்ப்பன் பெட்டியையும் படைப்பின் அட்டைகளையும் தயாராக வாங்குங்கள், செய்நேர்த்தி எப்படி இருக்க வேண்டும் என்று கையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மணல் தொட்டியை உள்ளூர்த் தச்சரிடம் சொல்லிச் செய்யலாம், பொம்மைகளையும் அவரிடமே கேட்கலாம். கடுகு விதையும் முத்து வியாபாரியும் தையல் தெரிந்த ஒருவர் ஒரு மாலையில் முடித்துவிடும் வேலை. ஒவ்வொரு மூடியின் உட்புறமும் உள்ளே இருக்க வேண்டியவற்றின் எண்ணிக்கையை எழுதி ஒட்டுங்கள், பறவைகள்தான் முதலில் காணாமல் போகும். வெட்டிய ஃபெல்ட்டின் மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் ஒரு உறையில் வையுங்கள். வேறு கடையில் அதே பச்சை மறுபடி கிடைப்பதில்லை.